அக்கா கூறு போட்ட மாத்திரை

1

நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் முடிந்த வாரத்தில் எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். மூன்று வருடம் முடிந்ததற்காக இல்லை, அது இங்கே யாருக்கும் தெரியாது. என் கிருமி சாகாமல் இருந்ததற்காக.

இந்த ஊரில் ஒரு வழக்கம். சந்தோஷம் யாருக்கோ அவரேதான் கேக்கும் வாங்கி வர வேண்டும். பிறந்தநாள் என்றாலும் கட்டுரை அச்சில் வந்தாலும் நாமே வாங்கி, நாமே வெட்டி, தட்டில் வைத்து எல்லோரையும் கூப்பிட வேண்டும். முதல் வருடம் என் பிறந்தநாளன்று யாராவது ஏதாவது செய்வார்கள் என்று சாயங்காலம் வரை புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவர்களும் நான் ஏதாவது கொண்டுவருவேன் என்று காத்திருந்திருக்கிறார்கள். அது பிறகுதான் தெரிந்தது. இந்த முறை ஏமாறவில்லை. ரயிலடிக் கடையில் ஆப்பிள் கேக் ஒன்று வாங்கி, பனியில் வழுக்கிவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு, கிருமி சாகாததற்குக் கேக்கா என்று தோன்றும். மருந்துக்குக் கிருமி எப்படிப் பழகிப்போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி ஒன்று உண்டு. அது சாது, மனிதர்களை ஒன்றும் செய்யாது. அதைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, கொல்லப் போதாத அளவுக்குக் கொஞ்சமாக மருந்து விடுவேன். பலது வாடிப்போகும், சிலது தாங்கும். தாங்கியதை எடுத்துப் புதுக் குடுவையில் விட்டு, மருந்தை ஒரு துளி கூட்டுவேன். முழு மருந்தையும் ஒரே தடவையில் விட்டால் எல்லாம் செத்துவிடும், கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அரைகுறையாக, விட்டு விட்டுக் கொடுத்தால்தான் கிருமி கற்றுக்கொள்ளும். அப்படிக் கற்றுக்கொடுத்துக் கொடுத்து, அதன் முன்னோர்களைக் கொன்ற மருந்திலேயே அது இப்போது மழை கண்ட சாமை மாதிரி தழைக்கிறது.

எங்கள் குழுவில் இன்னொரு பக்கம், மருந்தைக் கொழுப்பாலான நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைத்து, மூச்சு வழியாக நுரையீரலுக்குள் கிருமி ஒளிந்திருக்கிற இடம்வரை கொண்டுசேர்க்கிற வேலை நடக்கிறது. அந்த உருண்டைகளைச் சோதித்துப் பார்க்க, மருந்துக்கு மசியாத கிருமி வேண்டும். அதை வளர்த்துக் கொடுக்கிறவன் நான்.

பேராசிரியர் கைகுலுக்கினார். பக்கத்து மேசைக்காரன் யோனாஸ், “நல்ல அப்பா நீ, பிள்ளையை முரடனாக வளர்த்துவிட்டாய்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் கேக் இருக்கும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஏழுமலை சார்.

2

ஏழுமலை சார் கல்வராயன் மலைப் பக்கத்துக் காசநோயாளிகளுக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கிறவர். மணலூர்பேட்டைக்காரர். மோட்டார் சைக்கிளில் மலையேறி, அது ஏறாத இடத்துக்கு நடந்து போவார். என் நம்பரை அக்காவிடம் வாங்கி வைத்திருந்தார். நான் வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

“தம்பி, நல்லா இருக்கீங்களா? அங்க குளிரு ஜாஸ்தியா?”

“இருக்கேன் சார். சொல்லுங்க.”

“உங்க அக்கா விசயந்தான். சளி டெஸ்டு ரிசல்ட்டு வந்துட்ச்சி. நாம குடுத்த மாத்திரைக்கி கிருமி கேக்கல. வேற மாத்திரைக்கி மாத்தணும். கள்ளக்குறிச்சிக்கி வந்து பெட்ல கொஞ்ச நாளு இருந்தாதான் ஆரம்பிக்க முடியும். ரெண்டு தபா வூட்டுக்கே போயிட்டு வந்துட்டேன். வர மாட்டேங்குறாங்க.”

“ஏன் சார்?”

“இன்னாத்த சொல்றது. ‘எந்தம்பி வெளிநாட்டுல மருந்து செஞ்சிக்கினு இருக்கறான், அது வரட்டும்’னு சொல்றாங்க. வெளாட்டுக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன். நெசமாத்தான் சொல்றாங்க. இப்படியே வுட்டா தாங்காது தம்பி. ஒடம்பு பாதியாயிட்டாங்க.”

அக்கா பெயர் ராமாயி. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் போகிற வரைக்கும் ஜீப்பில் போய், அப்புறம் நடந்தால் அவள் வீடு. அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்கு அதுதான் வீடு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். உறைவிடப் பள்ளிக்கு ஒவ்வொரு லீவு முடிந்தும் என்னை அழைத்துக்கொண்டு போய் விட்டவர் அக்கா புருஷன், என் வெள்ளையன் மாமா. அவர் தீபாவளி முடிந்ததும் எங்கள் ஊர் ஆட்களோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார். இந்த முறையும் போயிருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கும் மலையேற மனசில்லை அவளுக்கு. என்னிடம் பேசினால் “மாமா, ஹவ் ஆர் யூ” என்றுதான் தொடங்குவாள். அவளைக் கூப்பிட்டு, அம்மாவிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன். “எங்கம்மா என் பேச்ச எங்க கேக்குது? உங்க பேச்சத்தான் கேக்கும்” என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

3

அக்கா வீட்டில் டவர் எடுக்காது. ரோட்டு வளைவுவரை ஏறி வந்தால்தான் பேச முடியும். எனக்கும் அவளுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நான் காலையில் ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன்பு கூப்பிட்டால் அவளுக்கு உச்சி வெயில். அந்த வெயிலில் ஏறி வந்து, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பேசுவதற்கு முன்னால் வெகுநேரம் இருமினாள். இருமும்போது போனைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். திரை இருட்டாகி, சத்தம் மட்டும் வந்தது.

“மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டியாக்கா?”

“சாப்ட்டேன். அட்ட எல்லாம் காலி. சாரு வந்து பாத்தாரே.”

“ஒரு நாளும் வுடலயே?”

“வுடல. மாமாவும் சாப்ட்டாரு.”

எனக்குப் புரியவில்லை. “மாமாவுக்கும் எழுதிக் குடுத்தாங்களா?”

“அவருக்கு ஏது? அவரு எங்க டெஸ்டுக்கு வந்தாரு? நாந்தான் குடுத்தேன். ஒரு நாளு எனக்கு, ஒரு நாளு அவருக்கு. ஒரே வூட்ல ஒருத்தி மாத்திரைய முழுங்கிட்டு படுத்துக்கினு, இன்னொருத்தன் இருமிக்கினு கெடந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டு பேருக்கும் கொஞ்ச நாளு நல்லாத்தான்டா இருந்துச்சி. இருமலே நின்னுபோச்சி. அப்பறந்தான் மறுக்கா வந்துட்ச்சி.”

அவள் எதையும் ஒளித்துச் சொல்லவில்லை. அன்று என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்டிருந்தாலும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாள்.

“அப்ப கள்ளக்குறிச்சிக்கி போவலாமில்ல? புது மாத்திரை தராங்க.”

“அது என் பேருக்குத்தான தருவாங்க. இந்த தபா சாரு எதுருல நின்னு முழுங்கச் சொல்வாராம். அவருக்கு இன்னா எடுத்து வெக்கிறது? நீ செஞ்சா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான செய்வ.”

நான் போனை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“இன்னாடா? லேட் ஆவுமா? ஆவட்டும். நான் தாங்குவேன்.”

4

எங்கள் மலையில் ஆடு அறுத்தால் கூறு போடுவார்கள். வாழையிலைகளைத் தரையில் வரிசையாக விரித்து, கறி, ஈரல், எலும்பு, குடல் எல்லாம் ஒவ்வொரு இலையிலும் விழுகிற மாதிரி பிரித்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு கூறு. வராதவர் வீட்டுக்கும் கூறு உண்டு, சண்டைக்காரன் வீட்டுக்கும் உண்டு. இல்லாதவன் என்று ஒருவனை அந்த வரிசையில் விட்டுவிட முடியாது. நான் வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் ஒருவருக்கு மட்டும் என்று பொருள்கள் இருப்பதையே பார்த்தேன். விடுதியில் ஒருவனுக்கு ஒரு தட்டு, ஒருவனுக்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு.

மாத்திரையும் வீட்டுக்குள் வந்த பொருள். அக்கா அதைக் கூறு போட்டாள். வேறெப்படி அவள் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் இருமல் இருக்கிறது, அவரையும் அழைத்து வா என்று கண்டிப்பாக யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள். கேரளாவுக்குப் போகிற நேரத்தில் நோயென்று எழுதிவிட்டால் தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று அவர் போயிருக்க மாட்டார்.

அன்று ஆய்வகத்தில் வழக்கம்போலக் கையுறை மாட்டி, குடுவைகளை எடுத்து வைத்து, மருந்தை அளந்தேன். கொல்லப் போதாத அளவு. சொட்டு விடுகிற குழாயைப் பிடித்தபடி நின்றேன். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு, கணினியில் குறித்துக்கொண்டு, வருடக்கணக்காகச் செய்கிற அதே வேலையை அக்கா அங்கே பிரியத்தால் செய்திருக்கிறாள். என்னுடையது சாதுக் கிருமி. அவளுடையது அப்படி இல்லை.

“என்ன, பிள்ளை அழுகிறதா?” என்றான் யோனாஸ். இல்லை என்று சொல்லி மருந்தை ஒரு சொட்டு விட்டேன்.

ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். என் தங்கும் அனுமதி அட்டை காலாவதியாகிவிட்டது. புதியதற்கு எழுதிப்போட்டு மாதங்கள் ஆகின்றன. அதுவரைக்கும் என்று மடிக்கிற தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டைவிட்டுப் போனால் அதைக் காட்டித் திரும்பி வர முடியாது. மறுபடி சென்னையில் வரிசையில் நின்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் என் ஒப்பந்தம் முடிந்துவிடும். முனைவர் பட்டத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போனேன். இந்த மொழியில் பழகாதவர்களுக்கு ‘நீங்கள்’, சிநேகிதர்களுக்கும் குழந்தைகளுக்கும் ‘நீ’. பஸ் கண்டக்டரைக்கூட ‘ங்க’ போட்டுப் பேசியே வளர்ந்தவன் நான். வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, என் அம்மா வயதுள்ள அந்த அதிகாரியிடம் பதற்றத்தில், “என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, நீ என் அட்டையை எப்போது தருவாய்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு ‘நீங்கள்’ மேலும் ஒரு கல்லை வைக்கிற மாதிரி அழுத்தி, “நீங்கள் காத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கடிதம் வரும். நீங்கள் அதுவரை பயணம் செய்யாமல் இருப்பது உங்களுக்கு நல்லது” என்றார். அக்கா என்றால் நெருங்கிய உறவாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை. அவ்வளவுதான் அவர்கள் கணக்கில் குடும்பம்.

வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் ஒரு கை தூரம் விட்டு நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். பழகிவிட்டது.

5

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் யோசித்தேன். என் மருந்து வராது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னாலும் அவள் கள்ளக்குறிச்சி போய், கொடுக்கிற மாத்திரையை எப்படியாவது கொண்டுவந்து கூறு போடுவாள். ஏழுமலை சார் எதிரில் நின்றாலும் நாக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். அவளைத் தடுக்க ஒரே வழி, கூறு போட்டதால் என்ன ஆனது என்று சொல்வது. அதைச் சொன்னால், மாமாவின் நெஞ்சுக்குள் அவள் என்ன கொண்டுபோய் வைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னதாகும்.

மார்கழியில் ஒரு காலை கூப்பிட்டேன். வளைவுக்கு ஏறி வரவே அவளுக்கு வெகுநேரம் ஆகியிருந்தது.

“அக்கா, என் மருந்து வராது.”

“லேட் ஆவுமா?”

“லேட் இல்லக்கா. பத்து வருசம் ஆவலாம், ஜாஸ்தியும் ஆவலாம். நாங்க செய்ற மருந்து வராமலே கூட போயிடும். எலிக்கி குடுத்து பாக்கணும், அப்பறம் நல்லா இருக்கற ஆளுக்கு குடுத்து பாக்கணும், அப்பறந்தான் நோயாளிக்கி. எல்லாத்தையும் தாண்டி வரது கம்மி.”

“அப்ப மூணு வருசமா அங்க இன்னாதான்டா செய்ற?”

“கிருமி வளக்குறேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சேலைக்குள் போய், திரும்பி வந்தது. “கிருமி வளக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன? அது இங்க சும்மாவே வளருதேடா.”

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. எப்படி வளர்க்கிறேன் என்று சொன்னேன். முழு மருந்து கொடுத்தால் செத்துவிடும் என்பதையும், ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் விட்டால் சாகாமல் அந்த மருந்தையே பழகிக்கொள்ளும் என்பதையும், பழகிய கிருமியின் பிள்ளைகளும் அப்படியே பிறக்கும் என்பதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், மணிச் சத்தம் கேட்டது.

“இரு, இரு. ஒரு நாளு வுட்டு ஒரு நாளு குடுத்தா அது கத்துக்குமா?”

“கத்துக்கும்.”

“நாங்க சாப்ட்ட மாறியே.”

“ஆமாக்கா.”

டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன். திரையில் அவள் முகம் இருந்தது. என்னைப் பார்க்காமல் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவரு நெஞ்சில இருக்கறது, நான் குடுத்ததா?”

“அப்படி சொல்ல முடியாதுக்கா. வேற யார்கிட்டருந்தோ அப்படியே வந்திருக்கலாம். மொதல்லருந்தே கேக்காத கிருமியா இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது.”

நான் சொன்னது பொய் இல்லை. நாளைக்கு ஒரு கூட்டத்தில் நின்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எங்கையால எடுத்து அவரு வாயில போட்டேன்டா. அவருக்கு மாத்திரைன்னா கொமட்டும். வெல்லம் வெச்சிக் குடுத்தேன்.”

பிறகு அவள் இரண்டு விஷயம் கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது தவறு, விதித்தாள்.

“நான் போறேன் ஆசுபத்திரிக்கி. ஒண்ணையும் வெளிய எடுத்துக்கினு வர மாட்டேன். ஆனா இத அவருகிட்ட சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது.”

“சரிக்கா.”

“நீயும் இதுக்குன்னு கெளம்பி வரக் கூடாது. நீ பாதியில வுட்டுட்டு வந்தின்னா நானும் மாத்திரைய பாதியில வுட்டுடுவேன். எம்மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

6

அவள் போனாள். ஏழுமலை சாரே ஜீப்புக்குச் சொல்லி, வெள்ளிமலையிலிருந்து அழைத்துக்கொண்டு போனார். “இன்னா தம்பி மந்திரம் போட்டீங்க? இந்தம்மாவா அந்தம்மான்னு இருக்குது. எண்ணி வெக்கிறதுக்குள்ள வாயத் தொறக்குறாங்க” என்றார்.

புது மாத்திரைகள் கடுமையானவை. குமட்டல், கால் எரிச்சல். தோல் நிறம் மாறுகிறது. “ஒங்கக்கா கருப்பா இருந்தா, இப்ப கருங்கல்லா ஆயிட்டா” என்று அவளே சொன்னாள். சாப்பாடு இறங்கவில்லை. இருந்தும் ஒரு நாளும் விடவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அவள் வழக்கமாகச் சொல்கிற கதைகள், வேடிக்கைகள் எல்லாம் நின்றுவிட்டன. போனில் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

பொங்கலுக்கு மாமா வந்தார். ஏழுமலை சார் விடாமல் நின்று அவருடைய சளியையும் வாங்கிக்கொண்டு போனார். முடிவு வருவதற்குள் மாமா திரும்பக் கேரளாவுக்குப் போய்விட்டார். முடிவு வந்தபோது, நாங்கள் பயந்ததுதான் வந்திருந்தது. அக்காவுக்குக் கேட்காத அதே மாத்திரைகள் அவருக்கும் கேட்காது. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கலாம், இல்லை கள்ளக்குறிச்சிக்கு வரலாம், ஆனால் உடனே தொடங்க வேண்டும், தோட்டத்து லைன் வீட்டில் அவரோடு படுக்கிற ஆட்களையும் பார்க்க வேண்டும் என்றார் ஏழுமலை சார். “நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு தம்பி.”

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட்டேன். வீடியோ போடவில்லை. பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், இலை உரசுகிற சத்தம். மிளகுக் கொடி ஏறிய மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து நிற்கிறார் என்று ஊகித்தேன்.

“இன்னா மச்சான், வெள்ளக்காரனாயிட்டியா? மறந்துட்ட.”

“இல்ல மாமா. டெஸ்டு விசயம் சார் சொன்னாரா?”

“அவரு கெடக்குறாரு. எனக்கு இருமலு கம்மியாத்தான் இருக்குது. மலைக் காத்து ஒத்துக்கல, அவ்ளோதான்.”

“மாமா, அது தானா போவாது. மாத்திரை சாப்டணும்.”

அவர் குரல் மாறிவிட்டது. ஏணியிலிருந்து இறங்கி ஓரமாகப் போயிருக்க வேண்டும், ஆட்கள் சத்தம் குறைந்தது.

“ஒங்கக்கா மாறிட்டா மச்சான். பொங்கலுக்கு போனேன் இல்ல, எதுருல உக்காந்து அவ மட்டும் மாத்திரைய முழுங்குறா. முன்னெல்லாம் வெல்லம் வெச்சிக் குடுப்பா. எனக்கு ஒண்ணு குடுன்னு வெளாட்டுக்கு கைய நீட்டுனேன். டப்பாவ எடுத்துக்கினு உள்ள போயி கதவ சாத்திக்கிட்டா. அழுதாளா இன்னான்னு தெரியல. வெளிய வரல. வேத்தாளுக்குக் கூட அப்படி செய்ய மாட்டா அவ.” இருமினார். போனைக் கையால் பொத்திக்கொண்டார் போல, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. “அவளே குடுக்காத மாத்திரைய நான் எதுக்கு மச்சான் சாப்டணும்? அவகிட்ட நீ இன்னா சொன்ன?”

என் சன்னலுக்கு வெளியே ஒரு பெண்மணி நாயோடு போய்க்கொண்டிருந்தார். நாய்க்கும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

“நாந்தான் மாமா சொன்னேன், யாருக்கும் தரக் கூடாதுன்னு.”

“நீயா?”

“ஆமா. ஒருத்தருக்கு எழுதுனத ஒருத்தர்தான் சாப்டணும். ஒங்களுக்கு தனியா தருவாங்க.”

“எதுக்கு தரக் கூடாதுன்னு சொன்ன?”

அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். “அது மாத்திரையோட கட்டுப்பாடு மாமா” என்றேன். எனக்கே அது வெளிநாட்டார் அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்த மாதிரி இருந்தது.

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“சரி மச்சான். நீ படிச்சவன், உனக்குத் தெரியும். ஆனா போன்ல சொன்னா எனக்கு ஏறல. அந்த சாரு சொன்னாலும் ஏறல. அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. நீ வா. நீ வந்து எங்கைய புடிச்சி கூட்டிக்கினு போ. எந்த ஆசுபத்திரிக்கி வேணா வரேன். எத்தன மாத்திரை வேணா முழுங்கறேன். சும்மா சொல்லல.”

அவர் சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மாமா சொன்னால் செய்வார். நான் போய் நின்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். மேசைமேல் அந்த மடித்த தாள் இருந்தது. அக்காவுக்குப் பண்ணிய சத்தியம் இருந்தது.

“வரேன் மாமா” என்றேன்.

“எப்ப?”

தூரத்திலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லி, ஏணியை நகர்த்தக் கூப்பிட்டார்கள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்தபடி, நான் நாள் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.